பின்பாரம்

மகளே,

இவ்விடம் யாவரும் நலம் என்று ஆரம்பித்துப் பழகிய கை இது. இன்று அப்படி எழுத மனம் வரவில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. களத்தில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். படித்து முடித்ததும் கோபம்தான் வந்தது, முதலில் உன் மேல், அப்புறம் என் மேல். இரண்டு காரியம் கேட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை ஆய்க்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பண்ண வருவதற்குள் டயர் வண்டியை விற்றுவிட வேண்டும், முடியாவிட்டால் வைக்கோல் படப்புக்குப் பின்னால் தள்ளி மறைக்க வேண்டும். உன் இடது முழங்கை ஏன் நிமிரவில்லை என்று அவர்கள் கேட்டால், சின்னப் பிள்ளையில் நுகத்தடியில் தொங்கி விளையாடி விழுந்தாள் என்று பெரியப்பா சொல்லி வைத்திருப்பதையே நானும் சொல்ல வேண்டும். 'அதுதானேம்மா நடந்தது' என்று ஒரு வரி வேறு எழுதியிருக்கிறாய்.

இரண்டும் என்னால் ஆகாது. வண்டி வாசலில்தான் நிற்கும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். உன் கை விஷயத்தில் நீ நினைத்துக்கொண்டிருப்பது நடக்கவே இல்லை. நடந்தது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான். பன்னிரண்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. மதுரையில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நீ, நீட்டி எழுதினாலும் பொறுமையாகப் படிப்பாய். இந்தக் கடிதத்தை ஒளித்துவைக்க வேண்டாம். உன்கூடத் தங்கியிருக்கிற டீச்சர்கள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

அந்த வண்டி எப்படி வந்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நமக்கு ஒன்றரை ஏக்கர். உன் அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், உடைந்த ஓடுகளை மாற்றுவார், போய்விடுவார். வயலைப் பார்த்தது நான். ஆனால் அறுத்த நெல் வீடு வந்து சேர உன் பெரியப்பாவின் மாட்டு வண்டி வேண்டும். தன் நெல்லெல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் அவர் வண்டியை அனுப்புவார். கார்ப்பருவ நெல் அறுப்பு நேரத்தில் குற்றாலத்துச் சாரல் நம் வடகரை வரைக்கும் வந்து விழும். குளிக்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு அடுத்தவர் வண்டிக்காகக் காத்திருக்கிறவளுக்கு அது நஷ்டம். இரண்டு வருஷம் தொடர்ந்து நம் நெல் குவியலின் அடியில் முளைவிட்டது. கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கும், வெள்ளை வெள்ளையாக முளை விரலில் ஒட்டும். அதை மாட்டுக்குத்தான் போட முடிந்தது.

உன் பெரியப்பா என்னிடம் நேராகப் பேசமாட்டார் என்பது உனக்குத் தெரியும். தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது என்பது அவர் முறை. மாட்டைப் பார்த்துப் பேசுவார். "பொம்பளையால ஆகுத காரியமா இது? வயல எங்கிட்ட விட்டுட்டா நானே பயிர் வச்சு, வருசா வருசம் உள்ளத அளந்துட்டுப் போறேன்" என்று தன் செவலைக் காளையிடம் சொன்னார். காளை தலையை ஆட்டியது. நான் ஆட்டவில்லை. ஒருமுறை விட்டால் அந்த வயலுக்குள் அப்புறம் நான் விருந்தாளியாகத்தான் கால் வைக்க முடியும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த லீவில் வந்த அப்பாவிடம் சொல்லி அழுதேன், சண்டையும் போட்டேன். அவர் செங்கோட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்த இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டே சக்கரம். டிரெய்லர் என்றார் அவர். ஊர்க்காரர்கள் தொட்டில் என்றார்கள். ஜீப்பில் மாட்டுகிற கொக்கியை வெட்டியெடுத்துவிட்டு, கொல்லர் அதற்கு நீளமாக ஒரு மரம் போட்டு நுகத்தடி கட்டிக் கொடுத்தார். ஒரு ஜோடிக் காளையும் வாங்கினோம். தார் ரோட்டில் அந்தப் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். வாய்க்கால் பாதையில் இறங்கினால் சனியன் பிடித்தது. முழங்காலுக்குச் சற்று மேலே வருகிற சக்கரம்தான், சேற்றில் பாதி புதைந்துவிடும், பெட்டியின் அடிவயிறு தரையில் உட்கார்ந்துவிடும். அதோடு இன்னொரு வினை. பெட்டி தாழ்ந்தும் மாட்டின் கழுத்து உயர்ந்தும் இருந்ததால் மரம் மேல்நோக்கி நின்றது, பெட்டி பின்னால் சாய்ந்தது. ஏற்றுகிற மூடையெல்லாம் பின்பக்கம் அமுக்கும், முன்னால் நுகம் மேலே தூக்கும், நுகத்தோடு மாட்டின் கழுத்தைக் கட்டுகிற பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். இதற்குத்தான் பின்பாரம் என்று பெயர். ஒன்பது வயசில் உனக்கு வாய்ப்பாட்டைவிட அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். நுகத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு மூடைய முன்னால நவுத்தும்மா" என்பாய். நீ சொன்னது தப்பியதில்லை.

நயா பைசா வந்த வருஷம் அது. தென்காசியில் லாரி ஷெட் வைத்திருந்த மேஸ்திரியிடம் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். புனலூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். ஓட்டத்துக்கு லாயக்கில்லாத லாரி ஒன்று அங்கே கிடந்தது. அதன் சக்கரம் இரண்டை நம் பெட்டிக்குப் போட்டுத் தரச் சொன்னேன். "சேச்சி, இது காளைக்குக் கட்டுத வண்டியா, ஆனைக்குக் கட்டுத வண்டியா?" என்று சிரித்தார். சிரித்தாலும் கெட்டிக்காரர். லாரிச் சக்கரத்தின் துளைகள் நம் பெட்டியின் போல்ட்டுக்குப் பொருந்தவில்லை. கனத்த இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, உள்சுற்றில் பழைய போல்ட்டுக்கும் வெளிச்சுற்றில் லாரிச் சக்கரத்துக்கும் துளை போட்டார். டயர் உரசுகிற இடத்தில் மட்கார்டை வெட்டி எறிந்தார். அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்துப் பெட்டியை இன்னும் தூக்கினார். முடித்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சக்கரம்தான் பெருசு சேச்சி. அச்சு பழைய அச்சு. ஆறு மூடை மதி." மதி என்றால் போதும் என்று அர்த்தம். நீதான் அதை வழியெல்லாம் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தாய்.

வடகரைக்குள் அந்த வண்டி நுழைந்தபோது எனக்கு இருந்த இறுமாப்பை மறைத்து என்ன ஆகப் போகிறது? என் இடுப்புக்கு வந்தது டயர். வாய்க்கால் சேற்றில் இறக்கினேன். புதையவில்லை. மேலாக நசுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய் நின்றது. பெட்டி உயர்ந்ததால் சாய்வும் குறைந்து, நுகம் மாட்டின் கழுத்தில் பதமாக உட்கார்ந்தது. கரையில் நின்ற உன் பெரியப்பா செவலையிடம், "ஆட்டம் எத்தன நாளைக்குன்னு பாப்பம்" என்றார். நான் கயிற்றைச் சுண்டிவிட்டு அவரைக் கடந்து போனேன்.

அதற்கு எட்டாம் நாள் அறுப்பு. மலையில் மேகம் இறங்கிவிட்டது. களத்தில் பத்து மூடை. ஐந்து ஐந்தாக இரண்டு நடை போயிருக்கலாம், நேரம் இருந்தது. மழைக்குப் பயந்து ஒரே நடையில் ஏற்றினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வாய்க்கால் கரையில் உன் பெரியப்பாவின் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமைக்கு ஏற்றினேன். பெட்டிக்குள் அடங்காத மூடைகளை மேலே மேலே அடுக்கிக் கட்டினேன். களத்தில் வண்டி சமமாகத்தான் நின்றது, நுகத்தை ஒரு விரலால் தூக்கலாம். சமதரையில் பார்த்த பாரம் ஏற்றத்தில் நிற்காது என்பது எனக்குத் தோன்றவில்லை. உயரமாக அடுக்கிய சுமை, வண்டி மேலேறினால் அச்சைத் தாண்டிப் பின்னால் போய்விடும். தாழ்ந்த பெட்டியிலே ஓட்டிப் பழகியவளுக்கு அந்த உயரத்தின் குணம் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

வாய்க்காலில் இறங்கி, அக்கரை ஏற்றத்தில் மாடு முன்கால் வைத்ததும் நீ முன்னால் ஓடி நுகத்தைத் தொட்டுப் பார்த்தாய். "அம்மா, பின்பாரம்" என்றாய். நான், "ஏட்டி, சும்மா கெட" என்றேன். நீ விடவில்லை. "நுகம் தூக்குதும்மா. ரெண்டு மூடைய எறக்கிருவோம். மேஸ்திரி மாமா ஆறு மதின்னாருல்லா?" என்றாய். கரையில் யாரோ சிரித்தது என் காதில் விழுந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. ஏற்றத்தில் நுகம் தூக்கினால் வண்டிக்காரன் முன்னால் மரத்தில் ஏறி உட்கார்ந்து அமுக்குவான், நீயும் பார்த்திருக்கிறாய். கயிறு என் கையில் இருந்தது, மாட்டை நான் விட முடியாது. "நீ ஏறி மரத்துல உக்காரு, சரியாப் போவும்" என்றேன். நீ தலையை ஆட்டி, "வேண்டாம்மா, பயமா இருக்கு" என்றாய். நான் உன் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன், பின்னால் வயல் கரையில் நின்றவர்களுக்குத் தெரியாமல் மூடை அடுக்கு மறைத்துக்கொண்டது. பத்து மூடை நெல்லுக்கு எதிர்ப் பாரமாக ஒன்பது வயசுப் பிள்ளை.

நான்கு அடி ஏறியிருக்கும். மரம் விருட்டென்று மேலே போனது. மாடுகள் அலறின. நீ என் தலைக்கு மேலே போய், மடைக்கல்லில் முழங்கை அடிபட விழுந்தாய். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். உன்னை வாரி எடுத்தபோது உனக்கு நினைவில்லை. உன் பெரியப்பா ஓடிவந்து முதலில் பூட்டாங்கயிற்றை அரிவாளால் அறுத்து மாட்டைக் காப்பாற்றினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு உன்னைப் பார்த்தார். ஊரே கூடிவிட்டது. "பொட்டப்புள்ள நுகத்துல தொங்கி வெளையாடுனா இப்படித்தான்" என்று அவர் மாட்டிடம் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏற்றி உட்கார வைத்தேன் என்று சொல்ல ஒரு வாய் எச்சில் போதும். சொல்லியிருந்தால், பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் கையில் வண்டி எதற்கு, வயல் எதற்கு என்று அன்றைக்கே இரண்டையும் எடுத்திருப்பார்கள். நான், "ஆமா, சொன்னாக் கேக்கமாட்டா" என்றேன்.

உன் அப்பாவுக்கும் அதையேதான் எழுதினேன். அந்த மனுஷன் கண்ணை மூடுகிற வரைக்கும் நம்பினார். மூங்கில் பத்தை வைத்து முட்டைக்கட்டு போட்டார் வைத்தியர். காய்ச்சலில் நாலு நாள் பிதற்றினாய். கண் விழித்தபோது உன்னைச் சுற்றி எல்லாரும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் சேர்ந்து. உனக்கு உண்மை ஞாபகம் இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம். கட்டுப் பிரித்தபோது கை மடங்கியபடி நின்றுவிட்டது. அன்றிலிருந்து உனக்கு 'நுகத்துல தொங்குனவ' என்று பெயர். ஊரில் ஒவ்வொரு பெண்பிள்ளையையும் அதட்ட உன் கையைக் காட்டினார்கள். ஒன்பது வயசில் மேஸ்திரியிடமே எதிர்க்கேள்வி கேட்ட வாயாடி நீ. பன்னிரண்டு வயசில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற பிள்ளை ஆகிவிட்டாய். எத்தனை அடக்கமான பிள்ளை என்று மெச்சினார்கள். அந்த அடக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மெச்சலும் எனக்குச் செருப்படி.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். சக்கரத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ கட்டோடு படுத்திருந்த வாரமே, அதைக் கழற்றி எறி, அது ஆகாத சக்கரம் என்று உறவு முழுக்க வந்து சொன்னது. எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டார்கள். நான் வண்டியைத் தென்காசிக்குக் கொண்டுபோனேன். மேஸ்திரி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் சுட்டது. பெட்டியின் உயரத்துக்கு ஏற்றபடி மரத்தை மாற்றிப் பூட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆறு மூடைக்கு மேல் ஏற்றியதில்லை, பெட்டியின் விளிம்புக்கு மேல் அடுக்கியதில்லை, மரத்தில் யாரையும் உட்காரவிட்டதில்லை. ஏற்றம் வந்தால் மூடையை இறக்கித் தலையில் சுமந்து மேலே வைத்துவிட்டு வண்டியை ஏற்றுவேன். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நம் நெல் ஒரு மணி முளைக்கவில்லை. சீசனுக்குக் குற்றாலம் கடைகளுக்குப் பலாப்பழம் ஏற்றிப் போனது அந்த வண்டி. நீ டீச்சர் பயிற்சிக்குப் போன அன்று உன் டிரங்குப் பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதும் அதுதான். ஊரில் இன்று ஏழெட்டு டயர் வண்டி ஓடுகிறது. உன் பெரியப்பா மட்டும் வீம்புக்கு இன்னும் இரும்புப் பட்டை வண்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கார் அறுப்புக்கும் சேற்றில் நின்று மாட்டோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். விட்டுக்கொடு, பொறுத்துப் போ என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். யாராவது தங்கள் சுமை சாயாமல் இருக்க உன்னை ஏறி உட்காரச் சொன்னால், மாட்டேன் என்று சொல். மாமியார் சொன்னாலும், கட்டியவன் சொன்னாலும், பெற்றவள் நான் சொன்னாலும். தூக்கி உட்கார வைத்தால் கையைக் கடித்துவிட்டு இறங்கு. உன் கடிதத்தில் நீ செய்திருப்பதும் அதே வேலைதான். உன் பெரியப்பாவின் மரியாதையும் என் மரியாதையும் கவிழாமல் இருக்க நீ மறுபடியும் ஏறி உட்காருகிறாய். இறங்கு முதலில்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. நேற்றுக் காலை மாட்டைப் பூட்டிக்கொண்டு அந்த வண்டியிலேயே ஆய்க்குடிக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கு வந்து, "வாங்க மதினி" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள். "பிள்ள சின்னதுல ரொம்பத் துடுக்காமே, ஒங்க அத்தான் சொன்னாவ. இப்ப அதெல்லாம் இல்லல்லா?" என்றாள். உன் பெரியப்பா முந்திக்கொண்டு சொல்லி வைத்திருக்கிறார். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உனக்கு இங்கே எழுதியதையெல்லாம் அவளிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். "இதச் சொல்லாமலே இருந்திருக்கலாமே மதினி" என்றாள். "இருந்திருக்கலாம். பன்னெண்டு வருசம் இருந்து பாத்தாச்சு" என்றேன். "யோசிச்சுச் சொல்லி அனுப்புதோம்" என்றாள். மாப்பிள்ளை போலீஸ் வேலைக்காரன் என்பதால் முறைப்பான் என்று நினைத்தேன், உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பையன் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "இப்ப எத்தன மூடை ஏத்துதீய?" என்று கேட்டான். ஆறு என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, உன்னிடம் நல்லதாகச் சொல்லவும் மாட்டேன்.

திரும்பி வரும் வழியில் உன் பெரியப்பா வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். அவர் கன்றுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன், கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவை. தெருவில் நாலு பேர் நின்றார்கள், நிற்கட்டும் என்றுதான், பிள்ளையை ஏற்றி உட்கார வைத்தது நான் என்று சத்தமாகச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். மாட்டைத் தேடவில்லை, என்னைப் பார்த்தே கேட்டார். "இத்தன நாளா ஏன் சொல்லல?" "வயல எடுத்துக்கிடுவீயன்னு பயம் அத்தான்" என்றேன். அவர், "எடுத்துத்தான் இருப்பேன்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்று வியாழன், மத்தியானம் ஆகிவிட்டது. ஆய்க்குடியிலிருந்து ஆள் வரவில்லை. நாளை அவர்கள் வரலாம், வராமலும் போகலாம். இந்தச் சம்பந்தம் முறிந்தால் முறித்தது நான், அந்தப் பழியையும் என் பேரில் எழுதிக்கொள். தென்காசிக்குப் போகிற பையன் ஒருவனிடம் இதைக் கொடுத்து மதுரைக்கு ராத்திரி ரயில் ஏறுகிறவர் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் நீ லீவு போட்டுவிட்டு வா. வந்து என் எதிரில் நின்று திட்டு. பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டு, நான் பதில் பேச மாட்டேன். மன்னிப்பை நான் கேட்கவில்லை. உன்னிடமிருந்து எடுத்த ஒன்றைத் திருப்பித் தரத்தான் எழுதுகிறேன். என் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. நீ தொங்கி விளையாடவில்லை. நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். நீ வேண்டாம் என்று சொன்னாய்.

உன் அம்மா